டிராம்ப் என்ற சொல்லும் மன்னார்ப் பெருவழியும்



2023ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒருநாள், ஆங்கில ஆசிரியர் வராதபடியால் ஒன்பதாம் வகுப்புக்கு நானே பாடம் நடத்தச் சென்றேன். வாசிப்புப் பகுதியிலே ஒரு சிறு கதை. கனவான் ஒருவர் விடுமுறை நாளொன்றில் மலைச்சாரல் வழியே நெடுந்தூரம் நடந்துவிட்டு வீடு திரும்பித் தேநீர் அருந்தி இளைப்பாறுகின்றார். அந்த நெடுநடையைக் குறிக்க 'டிராம்ப்' என்னும் சொல் அங்கே ஆளப்பட்டிருந்தது. பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் தன் சட்டைப்பை அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான். "சேர், அகராதியில் நாடோடி, பிச்சையெடுத்துத் திரிபவன் என்று கிடக்குது. இவர் உலாவப் போனவரோ, பிச்சைக்குப் போனவரோ?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவன் கேட்ட கேள்வி சிரிப்போடு முடிந்துவிடக் கூடியதன்று என்பது வீட்டுக்கு வந்தபின்னரே எனக்குப் புலப்பட்டது. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

'டிராம்ப்' என்பது பாதத்தை ஊன்றி ஓசைபட மிதித்தல் என்னும் பொருளோடு பிறந்த பழஞ்சொல். செருமானிய மொழிக் குடும்பத்திலே அதற்கு உறவினர் பலர். மிதித்தலிலிருந்து நடத்தலும், நடத்தலிலிருந்து அலுப்புத்தரும் நெடுநடையும் பொருளாக வந்தன. பதினேழாம் நூற்றாண்டளவில் அந்தச் சொல் நடையை விட்டு நடப்பவன்மேல் ஏறிற்று. ஊரும் வீடும் தொழிலும் இன்றித் திரிகின்றவன் 'டிராம்ப்' ஆனான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, குறித்த பாதையும் குறித்த காலமும் இன்றிச் சரக்குக் கிடைத்த துறைமுகமெங்கும் சென்று திரியும் நீராவிக் கப்பலுக்கும் அதே பெயர் வந்தது. பிற்காலத்தில் அமெரிக்கர் பெண்ணொருத்தியை இழித்துரைக்கவும் அதனையே எடுத்துக்கொண்டனர். நியூசீலந்திலோ இன்றும் காட்டிலும் மலையிலும் இன்பமாக நடந்து வருதலுக்கு அதுவே வழக்கமான சொல். ஒரு சொல் இத்தனை வீடுகளிலே குடியிருப்பது வியப்பன்று. ஒரே வேளையில் மேன்மாடத்திலும் தெருத்திண்ணையிலும் குடியிருப்பதுதான் வியப்பு.

அதனை மேன்மாடத்தில் ஏற்றியவர்களுள் ஒருவர் லெஸ்லி ஸ்டீபன் என்னும் ஆங்கில அறிஞர். 1879ஆம் ஆண்டிலே அவர் தம் நண்பரைத் திரட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் இலண்டனைச் சூழ்ந்த நாட்டுப்புறங்களிலே நெடுந்தூரம் நடக்கும் ஒரு கூட்டத்தை அமைத்தார். சட்ட வல்லுநரும் பேராசிரியரும் எழுத்தாளரும் அதிலே சேர்ந்தனர். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'ஞாயிற்றுக்கிழமை டிராம்புகள்' என்பதாகும். பெரியோர் தம்மைத் தாமே நாடோடி என்று விளையாட்டாகக் கூறிக்கொள்ளலாம். மாலையானதும் அவர்களுக்கு வீடு உண்டு. வீட்டிலே விளக்கும் உண்டு. மார்க் துவைன் 1880இல் வெளியிட்ட ஐரோப்பியப் பயண நூலின் தலைப்பிலும் இதே சொல்தான் இருவகைப் பொருளோடு விளையாடுகின்றது. நடந்து செல்லப் புறப்பட்டதாகச் சொல்லிக்கொண்டே அவர் பெரும்பாலும் வண்டியிற் செல்கின்றார்.

அதே நூற்றாண்டிலே இங்கிலாந்தில் வேறொருவகை டிராம்பும் இருந்தான். அச்சுக்கோப்பவனும் தச்சனும் கல்வேலைக்காரனும் தன் ஊரில் வேலை இல்லையென்றால், தொழிற்சங்கம் கொடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடப்பான். அட்டையைக் காட்டினால் அவ்வூர்ச் சங்கத்தார் ஓரிரவு படுக்கையும் வழிச்செலவுக்குச் சிறிது காசும் கொடுப்பர். வேலை இருந்தால் சொல்வர். இல்லையேல் அடுத்த ஊருக்கு வழிகாட்டுவர். நடந்தான் என்பதனால் அவன் இழிந்தவன் ஆகவில்லை. அவன் கையில் இருந்த அட்டை அவனைத் தொழிலாளி என்றது. அட்டை இல்லாதவனைச் சட்டம் வேறு பெயர் சொல்லி அழைத்தது.

தமிழரிடம் இச்சொல்லுக்கு ஒத்தது எது? 'நடை' என்பதை எண்ணிப் பாருங்கள். கால் எடுத்து வைத்தலும் நடை, ஒழுக்கமும் நடை, எழுதும் முறையும் நடை. கோயில் வாயிலை நடை என்கின்றோம். "ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா" என்னும்போது அது எண்ணிக்கையாகின்றது. வண்டிக்காரனும் இத்தனை நடை மண் ஏற்றினேன் என்றுதான் கூலி கேட்கின்றான். ஆங்கிலச் சொல் நடந்தவனைக் குற்றவாளியாக்கிற்று. தமிழ்ச் சொல் நடந்தவனை ஒழுக்கமுடையவன் ஆக்கிற்று என்று சொல்லிப் பெருமைப்படத் தோன்றும். நான் மாணவனாக இருந்த காலத்தில் ஒரு பேச்சுப் போட்டியிலே அவ்வாறு சொல்லிப் பரிசும் பெற்றேன். அது அரை உண்மை. 'பரதேசி' என்பது வேற்று நாட்டிலிருந்து வந்தவன் என்னும் பொருளோடு தொடங்கிப் பிச்சைக்காரனில் முடிந்த கதையை நான் அப்பொழுது எண்ணிப் பார்க்கவில்லை. நம் ஊர்களிலே வழங்கும் வேறு சில சொற்களையும் எண்ணவில்லை. அவற்றுக்குப் பின்னர் வருவேன்.

இனி, நெடுநடை என்பது வெறுஞ் சொல்லாக அன்றிச் செயலாகவே நிகழ்ந்த இடத்துக்கு வருவோம். அவ்விடம் நம் வாயிலிலேயே உள்ளது. தலைமன்னாரிலிருந்து மன்னார்த் தீவைக் கடந்து, பெருநிலத்திலே முருங்கன், மதவாச்சி வழியாகச் செல்லும் தெருவை நம்மில் எத்தனையோ பேர் நாள்தோறும் பேருந்திற் கடக்கின்றோம். மதவாச்சியில் அது கண்டி நோக்கித் திரும்பும் பெருவழியோடு சேர்ந்து, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று மலைநாட்டில் ஏறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வடபாதை என்று வழங்கியது இந்தப் போக்குத்தான். ஏறத்தாழ 150 மைல். இந்த 150 மைலையும் தென்னிந்தியத் தமிழர் இலட்சக்கணக்கானோர் காலால் அளந்தனர்.

1820களிலே கண்டிச் சீமையிலே தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் 1840களிற் பெருகின. கண்டிக் குடியானவர் தம் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு நிலையாக வர விரும்பவில்லை. எனவே திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து ஆட்கள் அழைத்துவரப்பட்டனர். அவர்கள் தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் போன்ற துறைகளில் தோணியேறினர். மன்னாரிலும், தலைமன்னாரிலும், அரிப்பு, வங்காலை போன்ற கரைகளிலும் இறங்கினர். தோணிப் பயணம் குறுகியது. அதன்பின் வந்தது நடை.

கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் இறுதிப் பகுதி. ஆதலால் அதற்கு முன்னரே, சோளகம் வீசும் வரண்ட மாதங்களிலே, பெருந்தொகையினர் கரையிறங்கினர். வன்னியிலே இது எத்தகைய காலம் என்பது மன்னாராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளங்கள் வற்றிச் சேறாகும். மாட்டுக்கும் மனிதனுக்கும் எஞ்சுவது ஒரே குட்டை. அக்குட்டையின் நீரைக் குடித்தவாறே கூட்டம் கூட்டமாக நடந்தனர். முன்னே கங்காணி, பின்னே அவன் ஊரவர், உறவினர், கடன்பட்டவர். தலையிலே சோற்றுப்பானையும் சிறு மூட்டையும். தொடக்க காலத்தில் வந்தவர் பெரும்பாலும் ஆடவர். பறிப்பு முடிந்ததும் இதே வழியால் ஊர் திரும்பினர். பின்னர்ப் பெண்களும் பிள்ளைகளும் மிகுதியாக வந்தனர். தோணிக் கூலியும் வழிச்சோறும் முன்பணமாகக் கங்காணியின் கணக்கில் ஏறும். நடந்து முடித்த நாளிலே, ஒரு கொத்துப் பழமும் பறிக்கு முன்னரே, நடந்ததற்கான கடன் தலைமேல் நிற்கும்.

காட்டிலே யானையும் சிறுத்தையும் இருந்தன. ஆனால் அவற்றால் மாண்டவரிலும் வாந்திபேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் மாண்டவர் மிகப் பலர். நோயுற்றவனுக்காகக் கூட்டம் நிற்பதில்லை. நின்றால் எல்லோரும் பட்டினி. ஆகவே வழியோரத்து மரநிழலிலே அவனை விட்டுச் சென்றனர். 1849ஆம் ஆண்டிலே கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை, 1841 முதல் வந்தவர்களுள் 70,000 பேர் மாண்டிருப்பர் என மதிப்பிட்டது. இது வந்தோர் தொகைக்கும் திரும்பினோர் தொகைக்கும் இடையிலான வேறுபாட்டைச் சார்ந்த கணக்கு என்பதால், பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் அது மிகையென்பர். நான் அந்த வழக்கைத் தீர்க்க முயலவில்லை. துறைமுகத்திலே தலை எண்ணிய அரசாங்கத்துக்கு, வழியில் விழுந்த தலைகளை எண்ணத் தோன்றவில்லை என்பது மட்டும் இருதரப்பாரும் மறுக்காத செய்தி. காலஞ் செல்லச் செல்ல வழியிற் கொட்டகைகளும் கிணறுகளும் வைத்தியசாலைகளும் ஏற்பட்டன. அவை ஏற்படுமுன் நடந்தவர்க்கு அவை உதவவில்லை.

இலங்கைப் பொருளாதார வரலாற்றை ஆராய்ந்த வண்டன் திரீசன் என்னும் அறிஞர், இந்தத் தொழிலாளரைப் பற்றி 1997இல் வெளிவந்த தமது நூலுக்கு ஆங்கிலத்திலே 'நெடுநடை' என்று பொருள்படும் தலைப்பையே இட்டார். தோட்டம் என்றோ, கூலி என்றோ, தேயிலை என்றோ அவர் தொடங்கவில்லை. நடை என்றே தொடங்கினார். அவர் தேர்ந்த சொல் பொருத்தமானது என்பதே என் எண்ணம்.

இப்பொழுது ஆண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் பிடித்தது. பசியால் உந்தப்பட்ட பெருங்கூட்டம் அந்த ஆண்டுகளிலே மன்னார்க் கரையில் வந்திறங்கி நடந்தது. அந்தப் பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டிலேதான் இலண்டனிலே 'ஞாயிற்றுக்கிழமை டிராம்புகள்' நடக்கத் தொடங்கினர். அவர்களைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. நடத்தல் உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்லது என்பதை நானும் ஒப்புகின்றேன். அவர்கள் நடந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர்கள் நடந்துவிட்டு எங்கே போனார்கள் என்பதுதான் எஞ்சும் கேள்வி.

அதற்குச் சட்டம் ஒரு விடை வைத்திருந்தது. 1841ஆம் ஆண்டின் இலங்கைக் கட்டளைச் சட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் இலக்கச் சட்டம் அலைந்து திரிவோரைப் பற்றியது. 1824ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தை அடியொற்றி, திரிகின்றவர்களை அது சோம்பேறிகள், போக்கிரிகள், திருந்தாத போக்கிரிகள் என்று படிப்படியாக வகுத்துத் தண்டனை விதித்தது. அடுத்தது ஐந்தாம் இலக்கச் சட்டம். அது வேலையாட்களைப் பற்றியது. உடன்படிக்கையை மீறி வேலையை விட்டுச் சென்றவனை அது குற்றவாளியாக்கிற்று. 1865ஆம் ஆண்டின் பதினோராம் இலக்கச் சட்டமும் இதே போக்கில் அமைந்தது. அடுத்தடுத்த இலக்கம் பெற்ற இவ்விரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஒரு தொழிலாளியை நிறுத்திப் பாருங்கள். வேலையின்றி நடந்தால் நான்காம் இலக்கம். வேலையை விட்டு நடந்தால் ஐந்தாம் இலக்கம். துரை விரும்பிய திசையிலே, கங்காணியின் பின்னே, 150 மைல் நடப்பது மட்டும் குற்றமன்று. இங்கிலாந்துத் தச்சன் கையில் அட்டை இருந்தது போல இவனுக்கும் 'துண்டு' என்று ஒன்று உண்டு. ஆனால் அது அவனுடைய கடன் தீர்ந்தது என்று ஒரு துரை மற்றொரு துரைக்கு எழுதும் சீட்டு. அச்சீட்டு இன்றி வேறு தோட்டத்திலே வேலை கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரவில்லையொன்றும் வந்தது; வரும்போது அதனை அணிந்து வரவேண்டும். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வேளையிலே வடபாதையின் நடை ஓய்ந்து, தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குக் கப்பலில் வருதல் வழக்கமாயிற்று. 1914ஆம் ஆண்டிலே பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பற் சேவையும், மன்னார்ப் புகையிரதமும் வந்தன. முப்பாட்டன் நடந்த வழியிலே பேரன் வண்டியேறிச் சென்றான். அந்த 1914ஆம் ஆண்டிலேயே சார்ளி சப்ளின் அமெரிக்காவிலே தொளதொளத்த காற்சட்டையும் பிரம்பும் தொப்பியுமாகத் திரையிலே தோன்றி, 'டிராம்ப்' என்னும் சொல்லை உலகமெங்கும் கொண்டுசென்றார். வீடற்றுத் திரிபவனைக் கண்டு உலகம் அழுதது, சிரித்தது, காசு கொடுத்துப் பார்த்தது.

நடந்து வந்தவனின் பேரனை அந்தச் சொல் விடவில்லை. 1948ஆம் ஆண்டின் பதினெட்டாம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவனிடமும் உன் தகப்பன் இங்கே பிறந்தானா, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. பிறப்பைப் பதிந்து பத்திரம் வைத்திருக்கும் வழக்கம் தோட்ட வரிசையறைகளில் அரிது. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் இலக்கச் சட்டம் வேறொரு வழி திறந்தது. 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாமல் இங்கே வதிந்திருக்கவேண்டும் என்றது. தாயின் நோய் கேட்டு ஊருக்குப் போய், ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவனுடைய வதிவு அறுந்தது. ஒரு நடை ஊருக்குப் போய்வருதல் என்பது நமக்கு அன்பு. சட்டத்துக்கு அது இவன் இங்கே குடியிருப்பவனல்லன் என்பதற்குச் சான்று. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. அவர்களுள் மிகச் சிறு பங்கினரே குடியுரிமை பெற்றனர். கோப்பியும் தேயிலையும் நட்டு, தெரு வெட்டி, புகையிரதப் பாதை போட்டு, நான்கு தலைமுறை ஓரிடத்திலே வாழ்ந்தவர்கள் வழிப்போக்கர் எனப்பட்டனர். காடு வெட்டப் பிடித்துவைத்த காலத்தில் நகரவிடாத சட்டம், உரிமை கேட்ட காலத்தில் நிலையற்றவர் என்றது.

1964 ஒக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சியோரைப் பிறகு பார்ப்போம் என்றனர். அந்த டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. அற்றனிலும் நாவலப்பிட்டியிலும் ஏறியவர்கள் தலைமன்னாருக்கு வந்த வண்டியை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். நான் சிறுவனாக இருந்தபோது அந்த வண்டியை மன்னாரிற் கண்டிருக்கின்றேன். சன்னல் வழியே ஒரு மூதாட்டி எங்களிடம் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுக்கு முன் வண்டி நகர்ந்துவிட்டது. முன்னோர் இறங்கிய அதே கரையிலே, தாம் கண்டறியாத 'சொந்த' நாட்டுக்கு அவர்கள் கப்பலேறினர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்கு இறுதியிற் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003ஆம் ஆண்டின் முப்பத்தைந்தாம் இலக்கம். 1948க்கும் 2003க்கும் இடையே 55 ஆண்டுகள்.

இவையெல்லாம் பிறர் செய்தவை என்று கூறிக் கைகழுவ எனக்கு மனமில்லை. மேலே குறிப்பிட்ட சொற்களுக்கு இப்பொழுது வருகின்றேன். 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல்லைப் பிறர் நம்மைக் குறித்துச் சொன்னபோது நாம் கொதித்தோம். அதையே நாம் பிறர்க்குச் சொல்லியதில்லையா? 'வந்தான் வரத்தான்' என்பது நம் ஊர்ச் சொல். 'தோட்டக்காட்டான்' என்பதும் நம் வடபுலத்தார் வாயிலேதான் வளர்ந்தது. 1977, 1983ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, நம் மாவட்டத்தின் பெருநிலத்திலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் உண்டு. நான் ஆசிரியத் தொழிலிற் புதிதாகச் சேர்ந்த காலத்திலே, ஆசிரியர் அறையில் ஒருவர் அத்தகைய குடும்பத்துப் பிள்ளையொருத்தியை இந்தச் சொல்லாலே குறித்தார். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலிலே பயிற்சிக் கொப்பிகளோடு நின்றாள், கேட்டிருப்பாள். ஆண்டுகள் பல சென்றும் அந்தக் கோப்பையின் விளிம்பிலிருந்த உடைவு எனக்கு நினைவிருக்கின்றது. அவள் பெயர் நினைவில் இல்லை.

நிலைகுடிகள் என்று நிமிர்ந்து நின்ற நாமும் பின்னர் நடந்தோம். 1990 ஒக்டோபரிலே, விடுதலைப் புலிகளின் கட்டளையால், நூற்றாண்டுகளாக இத்தீவிலே வாழ்ந்த முஸ்லிம் மக்கள் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டனர். கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்ற அவர்கள் ஆண்டுக்கணக்காக முகாம்களில் வாழ்ந்தனர். அங்கே அவர்களை 'அகதி' என்று அழைத்தனர். போரின் கடைசி ஆண்டுகளிலே மடுவிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் மக்கள் கிழக்கு நோக்கி நடந்தனர். 2008 ஏப்பிரலில் மடு அன்னையின் திருச்சொரூபமும் அவ்வாலயத்தை விட்டுத் தேவன்பிட்டிக்குப் போயிற்று; ஓகஸ்ட்டில் மீண்டது. அந்த அன்னையின் வரலாறே ஒரு நடையிலேதான் தொடங்குகின்றது. 1670ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தரின் கொடுமைக்கு அஞ்சிய மாந்தைக் கத்தோலிக்கர் சொரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் நடந்ததால் உண்டான ஆலயம் அது. இன்று அங்கே நேர்த்திக்காக நடந்து செல்கின்றவனைக் கண்டால் வழியிலுள்ளோர் மோர் கொடுக்கின்றனர். அவன் அதே தெருவிலேதான் நடக்கின்றான். அவனை யாரும் நாடோடி என்பதில்லை.

2023 யூலை 28ஆந் தேதி தலைமன்னாரிலே ஒரு கூட்டம் கூடிற்று. மலையகத்தார் இங்கு வந்து 200 ஆண்டு நிறைவதை முன்னிட்டு, முன்னோர் நடந்த வழியிலே மாத்தளைவரை நடப்பதென்று மலையகத்தாரும் அவர்க்குத் துணைநின்றோரும் புறப்பட்டனர். 250 கிலோமீற்றருக்கு மேல், பதினாறு நாள். காணியும் வீடும், சமமான குடிமக்கள் என்ற மதிப்பும் அவர்களுடைய கோரிக்கைகள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஆங்காங்கே சேர்ந்து நடந்தனர். முருங்கன் பக்கமாக அவர்கள் வந்த நாளிலே நானும் தெருவோரம் நின்றேன். வெயில் கடுமையாக இருந்தது. சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்தது. ஒரு வீட்டுப் பெண்மணி கடப்பிலே பானையை வைத்து வருவோர்க்கெல்லாம் தண்ணீர் வார்த்தாள்.

கூட்டத்தின் நடுவே ஒரு மூதாட்டியின் கையைப் பிடித்தபடி என் வகுப்பில் அந்தக் கேள்வி கேட்ட பையன் வந்தான். அவன் அம்மம்மா மலையகத்தில் பிறந்தவர் என்பதை அன்றுதான் அறிந்தேன். என்னைக் கண்டதும் சற்றுக் கூசினான். பிறகு, "சேர், இதுவும் டிராம்ப்தானே?" என்றான். "ஓம், அதுதான்" என்றேன். "எந்தக் கருத்தில், சேர்?" என்று கேட்டுவிட்டு மறுமொழிக்கு நில்லாமல் நடந்தான்; அம்மம்மா முன்னே போய்விட்டார். நான் செருப்பைச் சரிசெய்துகொண்டு அவர்கள் பின்னே போனேன். அடுத்த சந்திவரைதான் என்னால் நடக்க முடிந்தது. அவர்கள் ஓகஸ்ட் 12ஆந் தேதி மாத்தளையை அடைந்தனர்.